பலகையைச் செதுக்கிப் படம் அச்சிடுவோம்

(தோட்டத்துப் பிள்ளைகளும் தோப்பூர்ப் பிள்ளைகளும் ஒன்றாயிருந்து மரச்செதுக்கு அச்சு பழகிய நாட்களில், முதல் நாள் காலை தோப்பூரில் பேசியது.)

 

மலையிலிருந்து வந்தவர்கள் இரவெல்லாம் பஸ்ஸில் முழித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறியவர்களுக்கு இந்த மூதூர்ப் பக்கத்து வெயில் தலையைச் சுற்றும். ஆகையால் அதிகம் பேசப்போவதில்லை. ஆனால் உளியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் சில சங்கதிகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

மரச்செதுக்கு அச்சு என்றால் என்ன? நம் பாட்டன் பாட்டிமார் சம்பளம் வாங்கும்போது பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். விரலில் மேடாக இருக்கிற ரேகையில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. கடதாசியில் அமுக்கினால் மேடு கறுப்பாக விழும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். பலகையிலும் இதே கதைதான். வெள்ளையாக வேண்டிய இடத்தை உளியால் தோண்டி எடுத்துவிடுகிறோம். மிச்சம் நிற்கிற மேட்டில் மை தடவிக் கடதாசியை வைத்துத் தேய்க்கிறோம். விரல் ரேகை பிறப்போடு வந்தது. பலகையில் ரேகையை நாமதான் போடணும், அவ்வளவு தான் வித்தியாசம்.

இது இன்று நேற்று வந்த தொழில் இல்லை. சீனாவில் 868ஆம் ஆண்டில் மரப்பலகையால் அச்சிட்ட பௌத்த நூல் ஒன்று, முகப்பில் புத்தர் படத்தோடு இன்றும் லண்டனில் இருக்கிறது. நம் வீடுகளில் முன்பு கிடந்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களின் படங்களும் மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டைகளால் வந்தவைதான். செதுக்கியவர் பெயர் எங்கேயும் இருக்காது.

சரி, கொஞ்ச நாளில் இதைப் பழக முடியுமா என்று சிலர் காலையிலேயே கேட்டார்கள். 1931 ஆகஸ்ட் மாதம், சீனாவில் ஷாங்காய் நகரத்தில் லூ சுன் என்ற எழுத்தாளர் ஒரு வகுப்பு வைத்தார். கற்பித்தவர் விடுமுறைக்கு வந்திருந்த ஜப்பானியப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். அவர் பேசப் பேச லூ சுன் பக்கத்தில் நின்று சீனத்தில் சொன்னார். படித்தவர்கள் 13 பேர். நடந்தது 6 நாள். அந்த ஆறு நாளிலிருந்து தான் சீனத்துப் புதிய மரச்செதுக்கு இயக்கம் கிளம்பியது என்று இன்றும் எழுதுகிறார்கள். எண்ணெய்ச் சாயமும் துணிச்சீலையும் வாங்க வக்கில்லாத நாட்டில் பலகையும் உளியும் போதும், ஒரே பலகையில் நூறு படம் எடுத்து ஊரெங்கும் ஒட்டலாம் என்பது தான் லூ சுன்னின் கணக்கு. ஏழைக்கு ஏற்ற கணக்கு.

நமக்கு இன்னும் கிட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சோம்நாத் ஹோர். 1921இல் சிட்டகாங்கில் பிறந்தவர். 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கான சனங்களைக் கொன்ற பெரும் பஞ்சத்தைப் பார்த்து வரையத் தொடங்கியவர். 1946 கடைசியில் வங்காளத்து வாரக் குடியானவர்கள், விளைச்சலில் பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று போராடினார்கள். தேபாகா போராட்டம் என்பது அதன் பெயர். சோம்நாத் ஹோர் அந்தக் கிராமங்களுக்குப் போய், குடிசைகளில் தங்கி, முகம் முகமாக வரைந்தார். பிறகு அவற்றிலிருந்து மரச்செதுக்குகள் செய்தார். இராத்திரியில் விளக்கைச் சுற்றிக் கூடியிருக்கிற சனங்களின் முகங்களைக் கறுப்புப் பலகையிலிருந்து அவர் தோண்டி எடுத்திருப்பதைப் பார்த்தால், அந்த வெளிச்சத்தை யாரோ அப்போதுதான் ஏற்றி வைத்தது போல இருக்கும்.

1947இல் இவர் போன இடம் எது தெரியுமா? வடவங்கத்தில் டூவார்ஸ் தேயிலைத் தோட்டங்கள். அங்கேயும் தொழிலாளர்கள் சொந்த மண்ணை விட்டுக் கொண்டுவரப்பட்டவர்களே. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து நம் ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி நடந்தார்கள். அவர்களோ சோட்டா நாக்பூர்க் காட்டுப் பக்கத்து ஆதிவாசிகள். லயமும் கொழுந்தும் அங்கேயும் உண்டு. அந்தத் தோட்டங்களில் கண்டதை எழுதியும் வரைந்தும் வைத்தது பின்னால் புத்தகமாகவும் வந்தது. இவர் 2006இல் சாந்திநிகேதனில் காலமானார்.

இதை எதற்குச் சொல்கிறேன்? தேயிலைப் பக்கெட்டை எடுத்துப் பாருங்கள். கூடையோடு ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கும். அட்டை கடிச்ச கால் அந்தப் படத்தில் தெரியாது. மழையில் நனைந்த படங்குச் சாக்கும் தெரியாது. நம்மைப் பற்றிய படங்களை இவ்வளவு காலமும் வேறு ஆட்கள் தான் போட்டார்கள். அவர்களுக்கு விற்கத் தேவையானதை அவர்கள் போட்டார்கள், அதைக் குறை சொல்லி என்ன செய்ய? நம்ம படத்தை நாமளே போடாத வரைக்கும் அது தான் நிற்கும்.

தோப்பூர்ப் பிள்ளைகளுக்கும் இதே தான். கடல் 2004 டிசம்பரில் ஏறி வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர்ப் பக்கத்துச் சனங்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தார்கள். அதை உங்கள் உம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் கேட்டு வரைய வேண்டியவர்கள் நீங்கள்.

இப்போது இருக்கிறவர்களில் மலேசியாவில் ஒரு கூட்டம் உண்டு. சபா மாநிலத்தில், கினபாலு மலையடியில் ரானாவ் என்ற ஊர். 2010இல் சேர்ந்த அந்தக் குழுவின் பெயர் பங்ரோக் சூலாப். சூலாப் என்றால் அவர்கள் பாஷையில் வயல் குடிசை. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பாட்டுக் கோஷ்டியிடம் மரச்செதுக்கைப் பழகிக்கொண்டு, இன்று கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெரிய அச்சு இயந்திரமா வைத்திருக்கிறார்கள்? இல்லை. பெரிய பலகையில் மை பூசி, மேலே துணியை விரித்து, வாத்தியம் வாசித்துக்கொண்டு ஊரே ஏறி மிதித்து ஆடும். துணியில் படம் விழும். 2017இல் அவர்களுடைய பெரிய படம் ஒன்று கோலாலம்பூர்க் கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. தப்பும் ஆட்டமும் நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? கடைசி நாளில் நாமும் ஒரு பெரிய துணி மிதிப்போம்.

இனி வேலைக்கு வருவோம். பலகை ஒட்டுப்பலகை தான். முன்பு தேயிலை போன பெட்டிகளும் ஒட்டுப்பலகை தானே, பிறகு கடதாசிச் சாக்கு வந்து அதெல்லாம் போய்விட்டது. அந்தப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரை வெட்டுத் தகட்டை வைத்து மை தடவிப் போட்டதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் அச்சுக்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி.

பலகையை மண்கடதாசியால் தேய்த்து, தண்ணீராய்க் கரைத்த கறுப்பு மையை மேலே பூசிக் காய விடுங்கள். அப்போது தோண்டுகிற இடம் மரநிறத்தில் பளிச்சென்று தெரியும். உளியில் இரண்டு வகை: கூரான வாய் கோடு இழுக்க, வளைந்த வாய் பெரிய இடத்தை வழிக்க. கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மொட்டைக் கத்தி தான் கையை வெட்டும். உளியைத் தீட்டிக்கொண்டே இருங்கள். உளி போகிற வழியில் மற்றக் கை ஒருபோதும் இருக்கக்கூடாது, பின்னால் தான் இருக்க வேண்டும். மர நார் ஓடுகிற பக்கம் உளி வழுக்கிக்கொண்டு போகும், குறுக்கே போனால் சிலும்பும். சிலும்பினால் பதறாமல் சாய்வாகப் பிடித்து மெல்ல வெட்டுங்கள்.

எழுத்துச் செதுக்குகிறவர்கள் கவனிக்க வேணும், அச்சில் இடம் வலம் மாறிவிடும். 'ப' எப்படிப் போட்டாலும் 'ப' தான், 'ட'வும் 'க'வும் ஏமாற்றிவிடும். பெயரைக் கடதாசியில் எழுதி வெளிச்சத்தில் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்து, அப்படியே பலகையில் போடுங்கள்.

மையைக் கண்ணாடித் துண்டில் வைத்து ரோலரால் மெலிசாக உருட்டுங்கள். அதிகமானால் கோடுகளுக்குள் இறங்கி எல்லாம் கறுப்பாகிவிடும். சரியான அளவில் ரோலர் ஒரு மாதிரி சிர்ரென்று சத்தம் போடும், காதால் தான் பழக வேண்டும். கடதாசியை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள், போதாவிட்டால் திரும்பத் தேய்க்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு உளி வேண்டாம். உருளைக்கிழங்கை வெட்டி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, பூவோ இலையோ செதுக்கிக் கொடுத்தால் அவர்களே அச்சுக் குத்துவார்கள்.

முதல் படத்துக்கு எதை எடுப்பது என்று யோசித்து உட்கார்ந்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவருடைய கையை எடுங்கள். அம்மாவுடைய கை, கொழுந்துக் கறை படிந்தது. இங்கே உள்ள பிள்ளைகளுக்கு வாப்பாவின் கை, வலை இழுத்ததோ வயல் வெட்டியதோ. பெரிய படமாக வேண்டாம், ஒரு சாண் பலகை போதும். மலைப் பிள்ளை ஒருவர் பக்கத்தில் தோப்பூர்ப் பிள்ளை ஒருவராக உட்காருங்கள். உளிகள் இரண்டு பேருக்கு ஒரு பெட்டி, எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள். மேசையில் பழைய பேப்பர் விரித்திருக்கிறது, பிளேன்டீ வந்ததும் ஆரம்பிக்கலாம்.