பின்லாந்தின் நடுக்கோடை

பூமத்திய ரேகைக்கு அண்மையில் வாழ்வோருக்குப் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் சமமானவை. ஆதலால் வெயிலைக் கணக்கிட்டுச் செலவு செய்யும் வழக்கம் நம்மிடம் இல்லை. வட ஐரோப்பாவிலுள்ள பின்லாந்து தேசத்துக் கமக்காரனுக்கோ கோடை வெளிச்சமே ஆண்டின் மூலதனம். நடுக்கோடையில் அந்நாட்டுச் சிறு பண்ணையொன்று எவ்வாறு இயங்குகின்றது என்பதை நேயர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

பின்லாந்தின் வடசவோ மாகாணம் ஏரிகளும் காடுகளும் நிறைந்தது. பாலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள சுவோனென்யோக்கி என்னும் சிற்றூர் ஸ்ட்ரோபெரிப் பழத்தால் நாடெங்கும் புகழ் அடைந்தது. யூன் மாதக் கடைசியில் அங்கே சூரியன் இரவு 11 மணியளவில் மறைந்து, அதிகாலை 3.30 மணியளவில் மீண்டும் எழுகின்றது. இடைப்பட்ட நேரத்திலும் வானம் முற்றாக இருள்வதில்லை.

இத்தகைய ஊரில் இருபது பசுக்களும் சிறிது பழத்தோட்டமும் உடைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். காலை ஐந்து மணிக்கே கணவனும் மனைவியும் தொழுவத்தில் இருப்பர். பால் கறத்தல் காலையிலும் மாலையிலும் தவறாது நடைபெற வேண்டும். நம் மலைநாட்டுப் பண்ணைகளும் அறிந்த அயர்ஷயர் இனப் பசுக்கள் அங்கே மிகுதி. குளிர்காலம் முழுவதும் தொழுவத்தில் அடைபட்டிருந்த அவை, வசந்த இறுதியில் புல்வெளிக்குத் திறந்துவிடப்படும் நாளில், முதிர்ந்த பசுக்கள் கூடக் கன்றுகளைப் போலத் துள்ளி ஓடும்.

எனினும் பசு மேய்வது சில மாதங்களே. எஞ்சிய மாதங்களுக்கு வேண்டிய தீனியைக் கோடையிலேயே சேர்த்தாக வேண்டும். முதல் அறுவடைக்குரிய புல் யூன் நடுப்பகுதியிலிருந்து பதமாகின்றது. சில நாள் தாமதித்தாலும் புல் முற்றிச் சத்துக் குறைந்துவிடும். அறுத்த புல்லைச் சற்று வாடவிட்டு, அமிலம் சேர்த்து, காற்றுப் புகாதபடி மூடிப் பதப்படுத்துவர். இவ்வாறு அமிலமிட்டுப் பசும்புல்லைக் காக்கும் முறையைக் கண்டறிந்தவர் பின்லாந்து அறிஞர் ஏ. ஐ. விர்த்தனென். அதன் பொருட்டு அவருக்கு 1945இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. குளிர்நாட்டுப் பசு பனிக்காலத்திலும் நற்பால் தருவதற்கு அவர் உழைப்பு பெருந்துணையாயிற்று.

புல் இவ்வாறு அவசரப்படுத்த, பழத்தோட்டம் வேறொரு கவலை தருகின்றது. யூன் மாதத்திலே ஸ்ட்ரோபெரி பூக்கும். தெளிந்த வானமுள்ள இரவுகளில், கோடையிலுங்கூட, உறைபனி விழுவதுண்டு. பனி தாக்கிய பூவின் நடுப்பகுதி கறுத்துவிடும், அப்பூ காய்ப்பதில்லை. ஆகவே வெப்பமானி பூச்சியத்தை நெருங்கும் இரவில் கமக்காரன் உறங்குவதில்லை. தோட்டமெங்கும் நீரைத் தூவுகின்றான். நீர் பனிக்கட்டியாகும்போது வெளியிடும் மறைவெப்பம் பூவைக் காக்கின்றது. விடிந்து பனி உருகும்வரை நீர் தூவுதல் நிற்கக்கூடாது. நின்றால் பூவும் அவ்வாண்டு வருவாயும் போய்விடும். அப்படி விழித்திருந்த இரவுக்குப் பிறகும் ஐந்து மணிக்குப் பசுக்கள் காத்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் வருவது யுகன்னுஸ் என்னும் நடுக்கோடைத் திருநாள். யோவான் ஸ்நானகரின் பெயரால் வழங்கும் இவ்விழா, 1955ஆம் ஆண்டிலிருந்து யூன் 20க்கும் 26க்கும் இடைப்பட்ட சனிக்கிழமையில் கொண்டாடப்படுகின்றது. வாயிலின் இருபுறமும் பேர்ச் மரக் கிளைகளை நடுவர். நமது வாழைமரத் தோரணம் நினைவுக்கு வரும். சவுனா என்னும் நீராவி அறையில் குளித்து, ஏரிக்கரையில் பெருந்தீ மூட்டிச் சுற்றத்தாரோடு மகிழ்வர். நகரத்தார் விடுமுறைக்குச் செல்லும் அந்நாளிலும் பண்ணை வீட்டார் மாலைக் கறவையை முடித்த பின்னரே தீயருகே வந்து அமர்வர்.

யூலையில் பழம் பறித்தல் தொடங்குகின்றது. முதிர்ந்த பழம் ஓரிரு நாளுக்கு மேல் செடியில் பொறுத்திராது. மழை நீடித்தால் சாம்பற்பூஞ்சணம் பற்றும். எனவே கைகள் பல வேண்டும். உக்ரேன் முதலிய நாடுகளிலிருந்து பறிப்போர் வருவது பல்லாண்டு வழக்கம்.

இவ்வளவு உழைத்தும் சிறு பண்ணைகள் அருகி வருகின்றன. பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்த 1995இல் 30,000க்கும் மேற்பட்ட பாற்பண்ணைகள் அங்கிருந்தன. இன்று அவற்றில் ஐந்திலொரு பங்கும் எஞ்சவில்லை. பெரும் பண்ணைகள் இயந்திரங்களோடு வளர, சிறியோர் தொழுவத்தை மூடுகின்றனர். கமக்காரர் ஆண்டுதோறும் சில நாள் ஓய்வு பெறும்பொருட்டு மாற்றுப் பணியாளரை அனுப்பும் திட்டமொன்றை அரசாங்கம் நடத்துகின்றது. பசுவுக்கு விடுமுறை இல்லையாயினும் அதனை வளர்ப்பவருக்கு வேண்டும் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டமை பாராட்டற்குரியது. ஆயினும் தொழுவத்தை அடுத்து ஏற்று நடத்தப் பிள்ளைகள் முன்வருவார்களா என்னும் கேள்விக்குச் சட்டம் விடை தராது.

திருநாள் தீ தணிந்து சில மணி நேரமே ஆகியிருக்கும். ஏரியின் மேல் மூடுபனி கலையுமுன், பண்ணைப் பெண்மணி பாற்பாத்திரங்களோடு தொழுவத்துக்குச் செல்கின்றாள். அவளுடைய மகள் நகரத்துக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கின்றாள். அன்று அவளும் எழுந்து தாயின் பின்னே நடக்கின்றாள். அடுத்த கோடையிலும் அவள் வருவாளா என்று தாய் கேட்கவில்லை.