சிறைச்சாலையில் தாதியர் பணி



மகள் தாதியாகப் போகிறாள் என்றால் தோட்டத்துத் தாய்மார்களுக்குப் பெருமை. அதே மகள், "நான் சிறைச்சாலை மருந்தகத்தில் வேலை பார்க்க விரும்புகிறேன்" என்றால்? என்னிடம் படித்த ஒரு பெண் வீட்டில் இப்படிச் சொல்லிவிட்டாள். மறுநாளே அவள் தாயார் பள்ளிக்கு வந்து, "ஏன் சார், வெளியே நோயாளியே இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மில் பலருக்கும் இந்தக் கேள்வி எழும்.

நீதிமன்றம் ஒருவரின் சுதந்திரத்தைத்தான் பறிக்கிறது; மருந்தைப் பறிப்பதில்லை. 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் உள்ளே இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். வைத்தியம் பற்றிய முடிவை மருத்துவப் பணியாளர்தான் எடுக்க வேண்டும். காவலர் அதை மாற்ற முடியாது. 27 ஆண்டுகள் சிறையில் இருந்தவரின் பெயரை அந்த விதிகளுக்கு வைத்தது பொருத்தமே.

தோட்டத்தில் டிரஸ்ஸர் இருந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டாக்டர் எப்போதோ ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலா, பாம்புக்கடியா, பிரசவ வலியா என்று பார்த்து, யாரை உடனே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர்தான். சிறை மருந்தகத்தின் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த டிரஸ்ஸரின் வாரிசு என்று சொல்லத்தக்க உதவி மருத்துவ அதிகாரிகளுக்கு நம் நாட்டுச் சிறை மருந்தகங்களில் பெரிய பங்கு உண்டு. பையன்கள் இந்த வழியையும் யோசிக்கலாம்.

வழி நீளமானதுதான். எஸ்.பி.எம். தேர்வில் மலாய், கணிதம், அறிவியல் பாடங்களில் கிரெடிட் பெற முயல வேண்டும். எத்தனை கிரெடிட் என்பது அவ்வப்போது மாறுவதால், மனுப்போடும் ஆண்டில் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மூன்றாண்டு டிப்ளோமா, தாதியர் வாரியத்தின் தேர்வு, பதிவு. தொழில் செய்வதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். படிப்பு முடிந்த கையோடு சிறைக்குப் போவது நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு ஆண்டாவது பொது மருத்துவமனையில், முடிந்தால் அவசரப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும், கை பழகிவிட்டுப் போகட்டும்.

ஏனென்றால், புதிதாக வரும் கைதியின் முதல் நாள் எளிதானதல்ல. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உண்டா? சளியைச் சோதிக்க வேண்டும். நெருக்கமான அறைகளில் காசநோய் வேகமாகப் பரவும். இன்சுலின் போடுகிறவரா? கர்ப்பிணியா? கைக்குழந்தையோடு வந்திருக்கிறாரா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா? கடைசிக் கேள்வியைக் கூச்சமில்லாமல் நேராகவே கேட்க வேண்டும். சம்சுவுக்கு அடிமையானவர் திடீரென நிறுத்தினால் என்னவாகும் என்பது நம் லயத்து மக்களுக்குத் தெரியும். முதலில் கை நடுங்கும், வியர்க்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். அதை "நடிக்கிறான்" என்று ஒதுக்காத கண் தாதிக்கு வேண்டும்.

நடிப்பவர்களும் உண்டு, மறைக்கவில்லை. மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி வைத்து, பிறகு விற்பவர் உண்டு. சேர்த்து வைத்து ஒரேயடியாக விழுங்குபவரும் உண்டு. ஆகவே கண்முன்னே விழுங்கச் செய்து, வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். கத்தரிக்கோலையும் ஊசியையும் வேலைக்கு முன்னும் பின்னும் எண்ண வேண்டும். வீட்டு முகவரியைச் சொல்லக்கூடாது, கடிதம் சுமக்கக்கூடாது. வெளி மருத்துவமனைக்குப் போகும் நாளைக் கைதியிடம் முன்கூட்டியே சொல்லக்கூடாது. "என்ன குற்றம் செய்தாய்?" என்பது மருந்தகத்தில் தேவையில்லாத கேள்வி. இந்தக் கட்டுப்பாடுகளும் அருகே நிற்கும் காவலர்களும் தாதியின் பாதுகாப்புக்கே. கூட்டம் நிறைந்த வார்டில் இரவு வேலை செய்யும் தாதிக்கு இவ்வளவு காவல் கிடையாது என்று அந்தத் தாயாரிடம் சொன்னேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து கேட்டார்.

இன்னொன்று. தன் நோவைத் தமிழில் மட்டுமே சொல்லத் தெரிந்தவர்களும் உள்ளே இருக்கலாம். "நெஞ்சை அடைக்குது" என்பதைப் புரிந்துகொள்ள ஒருவர் அங்கே இருப்பது சிறிய காரியமா?

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். தண்டனை நான்காம் மாதமே முடிந்துவிடலாம். விடுதலையாகிறவர் மருந்தை விட்டுவிட்டால், நோய் மறுபடி கிளம்பும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். அவர் திரும்புவதோ மனைவி மக்கள் உள்ள வீட்டுக்கு. ஆகவே விடுதலை நாளுக்கு முன்பே, அவர் வீட்டுக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்தோடு பேசி, மீதி மருந்தின் விவரத்தையும் போக வேண்டிய தேதியையும் எழுதி அவர் கையில் கொடுப்பதும் அந்தத் தாதியின் வேலைதான்.