கையளவில் ஒரு புகையிரத இயந்திரம்

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதப் பாதை கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை ஆகிய நிலையங்களைக் கடலோடு ஒட்டியே கடந்து செல்கின்றது. ஒருபுறம் அலை, மறுபுறம் வீடுகள், இடையிலே இருப்புப்பாதை. வெள்ளவத்தையில் வளரும் குழந்தை எழுத்தறியுமுன்னரே இயந்திரத்தின் ஓசையை அறிந்துவிடுகின்றது. தீப்பெட்டிகளை நூலிற் கோத்து இழுத்துக்கொண்டு, 'கூ'வென்று கூவி ஓடாத பிள்ளை அங்கே அரிது. பெரும்பாலோர் அவ்விளையாட்டை மறந்துவிடுகின்றனர். சிலரிடத்தில் மாத்திரம் அது வயதோடு வளர்ந்து ஒரு கைத்திறனாக முதிர்கின்றது. புகையிரத இயந்திரம் ஒன்றைச் சிறுவடிவில், அளவு பிசகாமல், உறுப்புக்கு உறுப்பாகத் தாமே செய்து வண்ணந்தீட்டும் கலையே அது.

கடையிலே விற்கும் உறுப்புகளை வாங்கிப் பூட்டுவது ஒரு வகை. வெறும் பித்தளைத் தகட்டிலிருந்து ஒவ்வோர் உறுப்பையும் அறுத்து, அராவி, பற்றவைத்து முழு இயந்திரத்தையும் ஆக்குவது மற்றொரு வகை. இலங்கை இயந்திரத்தைச் செய்ய விரும்புவோர் பெரும்பாலும் இரண்டாவது வழியையே நாடவேண்டியவராகின்றனர். அதற்குக் காரணம் தண்டவாளங்களின் இடைவெளியாகும்.

இலங்கையின் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் 5 அடி 6 அங்குலம். 1864ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடிய காலந்தொட்டு அதுவே அளவு. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்குவதோ 4 அடி 8½ அங்குலம். பிரித்தானிய விளையாட்டுப் புகையிரதங்களில் மிகப் பரவலான அளவுத்திட்டம், ஓர் அடியை 4 மில்லிமீற்றராகக் குறுக்குவது. அதன்படி இலங்கைப் பாதை 22 மில்லிமீற்றர் அகலம் இருத்தல் வேண்டும். கடையிற் கிடைக்கும் பாதையின் அகலம் 16.5 மில்லிமீற்றரே. அவ்வளவுத்திட்டத்தில் அது 4 அடி 1½ அங்குலத்துக்குச் சமம். அவர்களுடைய சொந்தப் பாதைக்கே அது 7 அங்குலம் குறைவு. நம் நாட்டு இயந்திரத்தை அதில் ஏற்றினால் 1 அடி 4½ அங்குலம் குறைகின்றது. அகன்று ஊன்றி நிற்கவேண்டிய இயந்திரம், கால்களை ஒடுக்கிக்கொண்டு நாணி நிற்பவரைப்போலத் தோன்றும். ஆகவே அச்சு, சில்லு, தண்டவாளம் எல்லாவற்றையும் செய்பவரே அமைத்துக்கொள்ள வேண்டியதாகின்றது.

எந்த இயந்திரத்தைத் தெரிந்துகொள்வது? வெள்ளவத்தைக் கடற்கரையிலே வாழும் ஒருவர் இவ்வேலையில் இறங்குகின்றார் எனக் கொள்ளலாம். அவர் கண்முன் ஓடிய இயந்திரங்களுள் ஒன்று தனித்து நிற்கின்றது. அதன் இலக்கம் 591, பெயர் மனிடோபா.

1950ஆம் ஆண்டு கொழும்பிலே கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டிற் கருக்கொண்டது கொழும்புத் திட்டம். அத்திட்டத்தின்கீழ்க் கனடா இலங்கைக்கு டீசல் மின் இயந்திரங்களை வழங்கியது. அவை ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரிலுள்ள ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலையில் ஆக்கப்பட்டவை. முதலாவது தொகுதி 1954இல் வந்திறங்கியது. எம்2 வகுப்பு என வழங்கும் இவை 1,425 குதிரைவலுக் கொண்டவை. கொடுத்த நாட்டை நினைவுகூருமாறு ஒன்டாரியோ, அல்பேட்டா, சஸ்கச்சுவான் என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பெற்றன. பனிபடர்ந்த சமவெளியொன்றின் பெயரைத் தாங்கிய மனிடோபா, தென்னைகளின் நிழலிலே உப்புக்காற்றில் ஓடலாயிற்று.

வேலையின் முதற்படி அளத்தல். முழு வரைபடம் கைக்கு எட்டாதவிடத்து நிழற்படமே துணை. நிழற்படத்தை அளப்பதற்கும் ஒரு சூழ்ச்சி உண்டு. இயந்திரத்தை நேர்முகமாக, சற்றுத் தொலைவில் நின்று எடுத்த படத்திலே தண்டவாளங்களும் விழுந்திருக்கும். அவற்றின் இடைவெளி 5 அடி 6 அங்குலம் என்பது தெரிந்ததே. அதையே அளவுகோலாகக் கொண்டு கூரையின் உயரம், சாளரத்தின் அகலம், விளக்கின் விட்டம் ஆகியவற்றைக் கணித்துவிடலாம். அருகில் நின்று எடுத்த படமாயின் முன்னுள்ளது பெருத்தும் பின்னுள்ளது சிறுத்தும் தோன்றும், கணக்குப் பொய்க்கும்.

அடுத்தது உலோகவேலை. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள செட்டியார் தெருவிலே பொற்கொல்லர் வேலைசெய்வதைப் பார்த்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. மயிரிழைபோன்ற வாள், பல்வகை அரங்கள், குறடு, நெருப்பு ஆகியவையே இங்கும் கருவிகள். பொற்கொல்லர் வெண்காரமும் பொடியும் வைத்து ஊதிப் பற்றவைப்பார். இவர் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசைச் சூட்டுக்கோலால் உருக்கிப் பற்றவைக்கின்றார். அறுபத்துமூன்று பங்கு வெள்ளீயமும் முப்பத்தேழு பங்கு ஈயமும் சேர்ந்த கலவை 183 பாகை செல்சியஸில் உருகும். சிறு உறுப்புகளுக்கென 70 பாகையிலேயே உருகும் பற்றாசும் உண்டு. உயர்ந்த வெப்பத்தில் உருகுவதை முதலிலும், தாழ்ந்த வெப்பத்தில் உருகுவதைப் பின்னரும் பயன்படுத்துதல் முறை. முறை மாறினால், கைப்பிடியை ஒட்டப்போய்க் கூரை கழன்றுவிடும்.

இவ்வளவுத்திட்டத்தில் ஓர் அங்குலம் என்பது ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு. ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள கைப்பிடிக் குழாய்க்கு அரை மில்லிமீற்றர்க் கம்பி போதும். மனிடோபாவின் இருபக்கத்திலும் நடைபாதை, அதன் ஓரத்தே கைப்பிடிக் கம்பிகள், எஞ்சினை மூடிய நீண்ட கூண்டிலே வரிசையாகக் கதவுகள், கதவுதோறும் கீல்கள். கீழே இரு போகிகள். ஒவ்வொன்றிலும் மும்மூன்று அச்சுகள். ஓரத்து அச்சுகள் இழுப்பன. நடுவச்சு பாரத்தை மாத்திரம் தாங்குவது. இத்தனையும் ஒரு சாணுக்கு மேற்படாத நீளத்துக்குள் அடங்குதல் வேண்டும். கூண்டினுள்ளே 12 வோல்ற்று மின்மோட்டர் ஒன்றும் மறைந்திருக்கும்.

உடல் முடிந்ததும் பொறுமைக்குப் பரீட்சை தொடங்குகின்றது. கைவிரலின் எண்ணெய்ப்பசை ஒரு புள்ளியளவு இருந்தாலும் வண்ணம் பிடிக்காது. ஆகையால் சவர்க்கார நீரிற் கழுவி, தூசி படியாமல் உலர்த்தி, அடிப்பூச்சு இடவேண்டும். அதன்மேல் வெளிர் நிறத்தை முதலிலும் கடுநிறத்தைப் பின்னரும், புகையெனத் தெளித்து, மென்படலங்களாக ஏற்றவேண்டும். மாதிரியிலே 0.05 மில்லிமீற்றர்த் தடிப்பான பூச்சு, உண்மை இயந்திரத்தில் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர்த் தடிப்புக்கு ஒப்பாகும். பல நாள் அராவிய கீல்களும் தறைகளும் ஒரே நாளிற் சேற்றிற் புதைந்தவைபோல் மறைந்துவிடும்.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மாதிரியை இரண்டு அடித் தூரத்தில் வைத்துப் பார்ப்பவர், உண்மை இயந்திரத்தை 150 அடிக்கு அப்பால் நின்று பார்ப்பவருக்குச் சமம். தூரம் நிறத்தை வெளிறச் செய்யும். கரியை அப்படியே கறுப்பாகப் பூசினால் அது வர்ணமாகத் தெரியுமேயன்றி இரும்பாகத் தெரியாது. சிறிது சாம்பல் நிறம் கலத்தல் வேண்டும். தடுப்பு உராய்வினாற் போகிகளிற் படியும் செம்பழுப்புத் தூசி, கூரையிற் புகைக்கரி, கரையோர வண்டியாகையால் தகட்டு விளிம்புகளில் உப்புக்காற்று உண்டாக்கிய துரு ஆகியவற்றை இறுதியில் மெல்லத் தொட்டுவைத்தல் வேண்டும். துரு மிகுந்தால் குப்பைமேட்டுப் பொருளாகிவிடும்.

துரு எவ்வளவு, புகை எவ்வளவு என்று கேட்கும்போது, எந்த நாளின் மனிடோபா என்ற கேள்வியும் உடன்வருகின்றது. அரைநூற்றாண்டுக்கு மேல் ஓடிய இயந்திரத்துக்கு ஒரே தோற்றம் இல்லை. சிறுவடிவம் அவற்றுள் ஒரு நாளைத்தான் காட்டமுடியும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தார் விடுமுறை. அன்று காலை 7 மணிக்குச் சற்று முன்னர் 591ஆம் இலக்க இயந்திரம் எட்டுப் பெட்டிகளுடன் கோட்டையிலிருந்து மாத்தறை நோக்கிப் புறப்பட்டது. வெள்ளவத்தையையும் கடந்து சென்றது. ஒன்பதரை மணியளவில் இக்கடுவைக்கு வடக்கே பெரலியக் கிராமத்தில் முதலலை வந்து வண்டியைச் சூழ்ந்தது. வண்டி நின்றது. பாரமான வண்டி அசையாது என்று நம்பி, ஊர்மக்களும் அதில் ஏறினர். அதன் மறைவில் ஒதுங்கினர். அடுத்து வந்த பேரலை பெட்டிகளையும் இயந்திரத்தையும் தூக்கி எறிந்தது. ஆயிரத்துக்கும் மிகுதியானோர் மாண்டனர். 1,700 வரை என மதிப்பிடுவோரும் உளர். உயிரிழப்பின் அளவால், உலகப் புகையிரத வரலாற்றில் இதனினும் பெரிய விபத்து இல்லை எனப்படுகின்றது. அதே காலையில் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கடல் செய்தது யாவரும் அறிந்ததே.

மனிடோபா மீட்கப்பட்டது. பழுது நீக்கப்பெற்று மீண்டும் ஓடியது. அதன் பக்கங்களிலே அலை வடிவம் தீட்டப்பட்டது. 2014இல், பத்தாம் ஆண்டு நினைவின்போது, மீட்கப்பெற்ற பெட்டிகளுடன் அது பெரலியவுக்குச் சென்று நின்றது.

இவற்றுள் எந்த நாளைத் தெரிந்தெடுப்பது? கவிழ்ந்து நசுங்கிய கோலத்தையும் திறமையுள்ளவர் செய்துவிடலாம். பார்ப்பவர் வியக்கவும் கூடும். ஆனால் பலர் உயிர்நீத்த இடத்தைக் கைத்திறனுக்குக் காட்சிமேடையாக்குதல் தகாது. அலை தீட்டிய தோற்றத்தைச் செய்வது தக்கதே; மீண்டெழுந்தமைக்கு அது சான்று. ஆயினும் வெள்ளவத்தைவாசி கண்ட மனிடோபா வேறு. அது அன்று காலை தம் வீட்டைக் கடந்து சென்ற மனிடோபா. அதிலே சிறிது துரு, சிறிது புகைக்கரி, குனிந்து பார்த்தாற் படிக்கக்கூடிய பெயர்ப்பலகை. அலை இன்னும் இல்லை.

அந்நாளைத் தெரிந்தெடுப்பவர் அலையைத் தீட்டாது விடுகின்றார். அதனாலேயே கீல்கள் ஒவ்வொன்றும் சரியாயிருத்தல் வேண்டும் என்பது அவருக்குப் பொழுதுபோக்கின் பிடிவாதமாகத் தோன்றுவதில்லை. அளவிலே பொய் சொல்லாமை, அவ்வண்டியிற் சென்றோருக்கு அவர் செலுத்தக்கூடிய மரியாதையாகின்றது. 22 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தைத் தாமே பதித்து, இயந்திரத்தை அதன்மேல் நிறுத்துகின்றார். பீடத்தின் முகப்பிலே ஒரு சிறு பித்தளைத் தகடு. வகுப்பும் குதிரைவலுவும் அதிற் பொறிக்கப்படவில்லை. இடமும் நாளும் மாத்திரமே உள்ளன: வெள்ளவத்தை, 26-12-2004, காலை.