பொதுக் கோப்பாகும் நிரல்
(உரையின் எழுத்து வடிவம்)

அரசு அலுவலகக் கோப்பைக் கையாண்டவர்கள் அதன் இரு பகுதிகளையும் அறிவர். ஒருபுறம் கடிதங்கள், மறுபுறம் குறிப்புகள். முடிவு யாது என்பதைக் கடிதம் கூறும். அது எவ்வாறு எட்டப்பட்டது, ஆட்சேபம் எழுப்பியவர் யார், ஒப்புதல் அளித்தவர் யார் என்பவற்றைக் குறிப்புகளே கூறும். மென்பொருளுக்கும் இன்று இத்தகைய கோப்பு உண்டு. கிட்ஹப் போன்ற கூட்டு உருவாக்கத் தளங்களில் காணும் களஞ்சியமே அக்கோப்பு.

நிரலில் நேரும் மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்' என்னும் முறையை 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் பணிக்காக உருவாக்கினார். அதன் அடிப்படையில் கிட்ஹப் தளம் 2008-இல் தொடங்கப்பெற்றது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதனை வாங்கியது. பொதுக் களஞ்சியங்களைப் படிப்பதற்குக் கணக்குத் தேவையில்லை. கருத்தை எழுதுவதற்கே கணக்கு வேண்டும்.

புதிதாக வருபவர் கண்ணில் முதலில் படுவது கோப்புப் பட்டியல். அதன் கீழே 'ரீட்மீ' என்னும் அறிமுகக் குறிப்பு விரியும். வலப்புறத்தில் உரிம விவரம் இருக்கும். நிரல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதனாலேயே அதனை எடுத்தாளும் உரிமை கிடைத்துவிடாது. அவ்வுரிமையை வழங்குவது உரிமமே. மேற்பகுதியில் உள்ள நட்சத்திர எண்ணிக்கை புகழைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது.

கோப்புப் பட்டியலின் மேல்விளிம்பில் 'கமிட்' எண்ணிக்கை காணப்படும். அதனை அழுத்தினால் ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் பெயரும், நாளும் வரிசையாக வரும். இதுவே குறிப்புப் பகுதி. ஒரு கோப்பைத் திறந்து 'பிளேம்' என்பதைத் தேர்ந்தால், அதன் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்பது தெரியும்.

'இஷ்யூஸ்' என்னும் பகுதி மனுப் பதிவேடு போன்றது. பிழைகளும் கோரிக்கைகளும் அங்கே எண்ணிடப்பட்டிருக்கும். முதலில் தோன்றுபவை முடிவுறாதவை மட்டுமே. முடித்து வைக்கப்பட்டவற்றைத் தனியே திறந்து காண வேண்டும். அவை எவ்வாறு முடிக்கப்பட்டன, விடையுடனா, விடையின்றியா என்பதே ஒரு திட்டத்தின் உண்மை நிலையைக் காட்டும்.

'புல் ரிக்வெஸ்ட்' என்பது ஒருவர் தாம் செய்த திருத்தத்தை ஏற்குமாறு விடுக்கும் கோரிக்கை. பிறருடைய களஞ்சியத்தை 'ஃபோர்க்' மூலம் தம் கணக்கில் படியெடுத்து, தனிக் கிளையில் திருத்தி, இக்கோரிக்கையை அனுப்பலாம். நீக்கிய வரிகள் சிவப்பிலும் சேர்த்தவை பச்சையிலும் தோன்றும். பொறுப்பாளர்கள் வரிவரியாக வினவுவர். ஏற்பர் அல்லது மறுப்பர். மறுப்பின் காரணமும் அங்கேயே நிலைத்திருக்கும்.

இவ்வாறு படிக்கும் திறன் ஏன் வேண்டும்? அரசு மென்பொருள்களின் மூல நிரலைத் திறந்துவைத்துக் கூட்டாக மேம்படுத்துவதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-இல் வகுத்தது. 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றின்போது ஆரோக்கிய சேது செயலி வெளியாயிற்று. அது திரட்டும் தகவல்கள் குறித்து வினாக்கள் எழுந்தன. மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு நிரல் கிட்ஹப் தளத்தில் வெளியிடப்பட்டது. இது வரவேற்கத்தக்க செயலே. எனினும், அன்று வெளியானது கைப்பேசியில் இயங்கும் பகுதி மட்டுமே. கைப்பேசியை விட்டு வெளியேறிய தகவல் வழங்கியில் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை அதிலிருந்து அறிய இயலாது. வழங்கிப் பகுதியின் நிரல் பின்னர், அவ்வாண்டு நவம்பரில், அரசின் சொந்தத் தளமான ஓப்பன்ஃபோர்ஜில் வெளியிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

'நிரல் திறந்துவிடப்பட்டது' என்ற அறிவிப்பு முழு விடையன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. எந்தப் பகுதி திறக்கப்பட்டது? மாற்றங்களின் வரலாறு உள்ளதா, அன்றி முடிந்த நிரல் மட்டும் ஒரே பதிவாக இடப்பட்டதா? எழுப்பிய வினாக்களுக்கு விடை கிடைத்ததா? பக்கத்தைப் படிக்கத் தெரிந்த குடிமகன் இம்மூன்றையும் எவர் உதவியுமின்றிச் சரிபார்க்கலாம். படிக்கத் தெரியாதவருக்கோ திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றே.

அதிகாரிகளின் கடமையும் இங்கே தெளிவாகிறது. களஞ்சியத்தைத் திறந்ததோடு பணி முடிவதில்லை. வரும் வினாக்களுக்கு விடையளிக்கும் பொறுப்பு ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இல்லையேல் அது பதிவெண் இட்டும் பதிலளிக்கப்படாத மனுக்களின் குவியலாகிவிடும். தளம் தனியாருடையது என்பதால், வரலாறு முழுவதையும் கொண்ட படியொன்றை அரசு தன்னிடமும் வைத்திருத்தல் நலம். கிட் முறையில் இது எளிது.

மாணவர்கள் பெரிய நிரலொன்றை எழுதித்தான் இப்பணியில் சேர வேண்டும் என்பதில்லை. பல திட்டங்கள் புதியவர்களுக்கு ஏற்ற சிறு பணிகளை 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என அடையாளமிட்டு வைத்துள்ளன. விளக்கக் குறிப்பில் ஒரு பிழையைத் திருத்துவதும், தமிழ் எழுத்து சரியாகத் தோன்றாத திரையைச் சுட்டிக்காட்டுவதும் பயனுள்ள தொடக்கங்களே. மக்களின் பணத்தில் உருவாகும் மென்பொருளை மக்களே படித்துத் திருத்தும் வழி இதனால் திறக்கிறது.