வீட்டுக்கொரு வரலாறு
(பெரும்பாக்கத்தில் நடந்த திங்கட் கூட்டத்தில் ‘இக்கால ஓவியக் காட்சியும் இனவுணர்வும்’ என்னும் பொருளில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டுதோறும் நாமும் காட்சிகள் வைக்கிறோம். கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில், மூவேந்தர் கொடிகள், மொழிப்போர் ஈகியர் படங்கள் ஆகியவற்றை மாட்டி, அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் பணி முடிந்தது என்று எண்ணுகிறோம். பார்ப்பவன் பெருமிதம் கொள்கிறான். நெஞ்சில் ஒரு வினாவும் இன்றி வீடு திரும்புகிறான். ‘நாம் என்பது யார் யார்?’ என்று நம்மையே கேட்கச் செய்யும் காட்சி ஒன்றையேனும் இதுவரை அமைத்தோமா?

இங்கிருந்து கிழக்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால், ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ஆம் ஆண்டு கே. சி. எசு. பணிக்கரும் அவர்தம் மாணவரும் சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை நிறுவினர். மேலை ஓவியத்தைப் படியெடுக்காமல் நம் மண்ணுக்குரிய இக்கால ஓவியத்தை எவ்வாறு படைப்பது என்பதே அவர்கள் வினா. எழுத்தும் எண்ணும் கட்டமும் நிறைந்த ஓவியங்களால் பணிக்கர் அதற்கு விடை தேடினார். நல்ல வினாதான், ஆயினும் அது ஓவியர் தமக்குள் கேட்டுக்கொண்டது. மக்களை நோக்கிய வினா யாழ்ப்பாணத்தில் எழுந்தது.

1981-இல் 97,000 அளவில் நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை மறப்போமா? மீளக் கட்டப்பெற்ற அதே நூலகத்தில் 2004-இல் ‘அகம் புறம்’ என்னும் கலைக் காட்சி நடந்தது. (இத்துணைப் பொருத்தமான பெயரை நாம் ஒரு காட்சிக்கும் சூட்டியதில்லை!) அதில் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் அரசர் படத்தையோ மறவர் சிலையையோ வைத்தாரில்லை. மக்கள் வீடுகளிலிருந்து எளிய பொருள்களைத் திரட்டி, ‘வரலாறுகளின் வரலாறு’ என்னும் பொருள்படப் பெயரிட்டு வைத்தார். நூல்கள் எரிந்த இடத்தில், எந்நூலிலும் ஏறாத வரலாறு வந்து அமர்ந்தது.

2011-இல் அவர் இன்னும் ஒரு படி சென்றார். ஒல்லாந்தர் ஆட்சியில் நிலவுடைமையைப் பதிந்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். போரால் இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்களிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி அவர் வேண்டினார். உரியவர் கையால் இழுத்த கோடு, அதைக் கட்டடக் கலைஞர் அளவுபடுத்திய வரைவு, பின்னர் ஓவியரின் படம் என 80 வீடுகள் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் நூலில் குடியேறின. ஆளவந்தவன் எழுதுவித்த தோம்பு வரிக்கு. வீடிழந்தவன் வரைந்த தோம்பு உரிமைக்கு.

இங்கே நம்மை உறுத்தும் ஒன்றையும் சொல்லாமல் விடுவது அறமாகாது. 1990 அக்தோபர்த் திங்களில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முசுலிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். அவர்கள் வீட்டில் ஒலித்ததும் தமிழே. இழந்த வீடுகளுக்கு நாம் ஒரு காட்சி வைத்தால் அவ்வீடுகளுக்குச் சுவரில் இடமுண்டா? இல்லையென்றால், சிங்கள அரசு தன் அருங்காட்சியகத்தில் நம்மை மறைப்பதை எந்த வாயால் கடிவோம்? தொகுப்பாளன் மாட்டுவது பாதி. மாட்டாமல் விடுவது மறுபாதி. இதைச் சொல்வதால் என்மேல் சினம் கொள்வோர் கொள்க.

இனி, நாம் நிற்கும் இந்த ஊர். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள், 2015 வெள்ளத்துக்குப் பின் பெருந்திரளாக இவ்வடுக்கு வீடுகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். இங்குள்ள வீடுகள் 20,000-க்கும் மேல். ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் இடிக்கப்பட்ட வீடொன்றின் நினைவு இருக்கும். அடுப்பு எங்கிருந்தது, குடம் எங்கிருந்தது, பிள்ளை எங்கே படுத்தான் என்பதை அவ்வீட்டுத் தாயன்றி யார் அறிவார்? சென்னையின் தோம்பு அதுதான்.

ஆகவே வரும் தைத்திங்கட் காட்சியில் மூவேந்தர் கொடிகள் ஒரு சுவரோடு நிற்கட்டும். மற்ற மூன்று சுவர்களையும் இம்மக்கள் வரையும் தரைப்படங்களுக்கு விடுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுவோர் வரைந்ததையும் ஒதுக்காதீர்கள். குறிப்பை அவரவர் சொன்னபடியே தமிழில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். நம் கழகத்தைக் குறை கூறும் வரி வந்தாலும் அதுவும் இருக்கட்டும்.

தாளும் கரிக்கோலும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இளைஞர் நால்வர் என்னோடு வருக. எதிரிலுள்ள அடுக்ககத்தின் முதற்படியிலிருந்தே தொடங்குவோம்.