சுக்கான் கீரையை வேரோடு பிடுங்காதீங்க



எங்க குழுவில் பத்து பேர் வீட்டுக் கொல்லையில் சுக்கான் கீரை போட்டு, வாரச் சந்தையில் கட்டு கட்டி விற்கிறோம். அதில் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

விதையை மணலோடு கலந்து தூவி, மெல்லிசா மண் மூடி, பூவாளியால் தண்ணி தெளிக்கணும். மக்கின சாண எரு போதும். மண் காயவும் கூடாது, தண்ணி தேங்கவும் கூடாது.

ஒரு மாசத்துல பறிக்கலாம். வேரோடு பிடுங்கினா அந்தச் செடியோட வருமானம் அன்னிக்கே முடிஞ்சது. ஓரத்து இலையைக் காம்போடு கிள்ளினா, நடுக்குருத்து திரும்பத் தழைக்கும். வெயில் ஏறினா சீக்கிரம் பூக்கும், இலை முத்திடும். அதனால பூத்தண்டைக் கிள்ளிடுங்க. ரெண்டு மூணு செடியை மட்டும் விதைக்கு விடுங்க. அடுத்த தடவை விதைக்குக் காசு செலவு இல்லை.

பருப்போடு கடைஞ்சா புளியே வேண்டாம். அந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலம். அலுமினியப் பாத்திரத்தில் சமைக்காதீங்க, மண்சட்டி நல்லது. சிறுநீரகத்தில் கல் இருக்கறவங்க தவிர்க்கணும். இதை வாங்குறவங்ககிட்ட சொல்லித்தான் விற்கிறோம். ஒரு கட்டு விற்காமப் போகட்டும், குழு மேல இருக்கிற நம்பிக்கை போகக் கூடாது.