உலகப் புராணக் கதைகளும் பள்ளி மாணாக்கரும்



அமெரிக்க நாட்டுப் பள்ளிகளிற் பலவற்றில் உலகப் புராணக் கதைகள் ஒரு பாடமாகவே பயிற்றப்பெறுகின்றன. ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பிள்ளைகள், ஹோமர் என்னும் கிரேக்கப் புலவர் பெயரால் வழங்கும் ‘ஒடிசி’ என்ற 24 பகுதிக் காப்பியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ ஓதுதல் அங்கே பெருவழக்கு. எடித் ஹாமில்டன் என்னும் அம்மையார் 1942 ஆம் ஆண்டில் வெளியிட்ட கிரேக்க, உரோமக் கதைத் தொகுப்பும் நெடுங்காலமாகப் பள்ளிகளில் வழங்கி வருகின்றது. பிற நாட்டார் போற்றிய தெய்வங்களையும் வீரர்களையும் இளமையிலேயே அறிந்துகொள்ளுதல் நன்றே. ஆயின், அதனை எம்முறையாற் கற்பிப்பது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அப்பாடத்திற்கு இன்று அடிப்படையாய் நிற்பது ஜோசப் காம்பெல் என்பவர் வகுத்த ‘வீரன் பயணம்’ என்னும் கருத்தாகும். அவர் 1934 முதல் 1972 வரை சாரா லாரன்ஸ் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர். ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரின் அருண்மொழிகளைச் சுவாமி நிகிலானந்தர் ஆங்கிலத்தில் ஆக்கியபொழுது உடனிருந்து உதவியவர். ‘ஆயிரம் முகங்களையுடைய வீரன்’ என்று பொருள்படும் அவருடைய நூல் 1949 ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீரன் தன் இல்லத்தை விட்டுப் பிரிதல், அறியாத நிலத்திற் சோதனையுற்றுத் தேர்தல், பெற்ற பேற்றோடு மீளுதல் என்னும் மூன்று கூறுகளை எந்நாட்டுக் கதையிலும் காணலாம் என்பது அவர் துணிபு. வாழ்க்கைச் சடங்குகளை இவ்வாறே மூன்று நிலையாக வான் ஜென்னப் என்னும் அறிஞர் 1909 ஆம் ஆண்டிலேயே பகுத்துக் காட்டியிருந்தார். காம்பெல் அம்மூன்றனை 17 படிகளாக விரித்தார். பின்னர்த் திரைப்படத் துறையினரான கிறிஸ்டோபர் வோக்லர், கதை எழுதுவார்க்குப் பயன்படுமாறு அவற்றை 12 படிகளாகச் சுருக்கினார். 1977 இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தை ஆக்கிய ஜார்ஜ் லூகாசும் காம்பெலுக்குத் தாம் கடமைப்பட்டவர் என வெளிப்படக் கூறியுள்ளார்.

இங்ஙனம் சுருங்கிய வடிவமே வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. கரும்பலகையில் ஒரு வட்டம். அதனைச் சுற்றிப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திற்கும் கதையிலிருந்து ஒரு நிகழ்ச்சி. மாணாக்கன் கட்டங்களை நிரப்பிவிட்டால் கதையை அறிந்தவனாகக் கருதப்படுகின்றான். கரும்பைக் கணு எண்ணிவிட்டுச் சுவையாது எறிந்தவனுக்கும் இவனுக்கும் வேற்றுமை யாது?

கில்கமேஷ் என்னும் மன்னன் வரலாற்றை நோக்குக. இது மெசபொத்தாமிய நாட்டின் மிகப் பழைய கதை. களிமண் ஏடுகளில் எழுதப்பெற்று, நினிவே நகரின் இடிபாடுகளிற் புதைந்து கிடந்தது. அதன்கண் உள்ள பெருவெள்ளப் பகுதியை 1872 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் படித்தறிந்தார். ஊருக் நகர மன்னனாகிய கில்கமேஷ், தன் ஆருயிர் நண்பன் எங்கிடு இறந்தமையால் நெஞ்சு கலங்குகின்றான். தனக்கும் இக்கதியோ என்னும் அச்சம் அவனைப் பற்றுகின்றது. சாவாமை பெற்றவனான உத்னபிஷ்தியைத் தேடிக் கடல் கடந்து செல்கின்றான். ஆறு பகலும் ஏழு இரவும் உறங்காதிருக்க வல்லையோ என்று அவன் வினவுகின்றான். அமர்ந்த அளவிலே மன்னனை உறக்கம் மேவுகின்றது! உறக்கத்தையே வெல்லமாட்டாதவன் கூற்றத்தை வெல்லுதல் யாங்ஙனம்? இறுதியில், இளமையை மீட்டுத் தரும் செடியொன்றை நீரின் அடியினின்று எடுக்கின்றான். வழியிற் குளத்தில் நீராடுகையில் அதனைப் பாம்பு கவர்ந்து செல்கின்றது. அமர்ந்து அழுகின்றான். வெறுங்கையனாய் ஊர் திரும்பித் தன் ஓடக்காரனுக்கு நகர மதிலைக் காட்டுகின்றான்.

‘பேற்றோடு மீளுதல்’ என்னும் கட்டத்தில் இவன் கொணர்ந்ததாக எதனை எழுதுவது? ஒன்றுமில்லை என்பான் ஒரு மாணாக்கன். மதிலே பேறு என்பான் மற்றொருவன். பாட்டன் இறந்த துயரம் ஆறாத பிள்ளையொன்று வாய்திறவாது இருத்தலும் கூடும். அவ்விடத்தில் ஆசிரியர் கட்டத்தை விடுத்துக் கதையோடு நிற்றல் வேண்டும். வட்டத்திற்குள் அடங்காத பகுதியே பிள்ளைகளின் உள்ளத்தைத் தொடும் பகுதியாய் இருக்கின்றது. டெமீட்டர் என்னும் கிரேக்கத் தாய்த்தெய்வம், பாதலத்திற்குக் கவர்ந்து செல்லப்பெற்ற மகளைத் தேடி அலைந்த கதையும் இத்தகையதே. பிரிந்தவள் மகள், தேடியவள் தாய். இவருள் வீரர் யாவர் எனப் பெண் மாணாக்கர் வினவுவது முறையே.

மற்றொன்றும் உண்டு. ‘மித்’ என்னும் ஆங்கிலச் சொல் புராணக் கதையையும் குறிக்கும், பொய்யையும் குறிக்கும். கிரேக்கத் தெய்வங்களுக்குப் பழைய முறையிற் பூசனை ஒழிந்து நூற்றாண்டுகள் பல ஆயின. நம் தெய்வங்களுக்கோ இன்று காலையிலும் திருமஞ்சனம் நடந்தது. இரண்டினையும் ஒரே சொல்லாற் சுட்டுங்கால், வீட்டிற் கைகூப்பும் பிள்ளை வகுப்பறையில் நாணித் தலைகுனிய நேரிடும். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியா மாநிலத்து ஆறாம் வகுப்புப் பாடநூல்களில் இந்து சமயம் கூறப்பட்ட முறைபற்றி எழுந்த பெரும்பூசல், இவ்வுணர்ச்சி எத்துணை ஆழமானது என்பதைக் காட்டியது. வழிபாட்டில் உள்ள வரலாற்றை ‘இதனைப் போற்றுவோர் இன்றும் உளர்’ என்னும் ஒரு வாக்கியத்தோடு தொடங்குதல் ஆசிரியருக்கு அரிதன்று.

காம்பெல் எடுத்தாண்ட நம் நாட்டுக் கதைகளுள் முசுகுந்தன் கதையும் ஒன்று. தேவர்க்குப் போரில் உதவிய அம்மன்னன், இளைப்பு மிகுதியால் உறக்கத்தையே வரமாக வேண்டிக் குகையில் துயில்கின்றான். நெடுங்காலம் கழித்து விழித்துக் கண்ணபிரானைக் கண்டு, வெளியே வந்து பார்க்க, மாந்தர் குறுகிப்போயிருக்கின்றனர்; உலகோடு சேராது தவத்திற்கு ஏகுகின்றான். பாகவதம் கூறும் இதனை, வீரன் மீள மறுத்ததற்குச் சான்றாகக் காம்பெல் காட்டினார். காட்டியது பொருத்தமே. ஆயின் திருவாரூர்த் தலவரலாற்றில் வரும் முசுகுந்தச் சக்கரவர்த்தியை அவர் எடுத்துரைத்திலர். இவனும் அசுரப் போரில் இந்திரனுக்குத் துணை நின்றவன். கைம்மாறாக உறக்கத்தை வேண்டினானல்லன். இந்திரன் பூசித்த விடங்கப் பெருமானை வேண்டினான். கொடுக்க மனமில்லாத இந்திரன் அதுபோல வேறு ஆறு திருமேனிகளைச் செய்வித்துக் காட்ட, மன்னன் மெய்ம்மூர்த்தியைத் தேர்ந்து கொண்டான். ஏழினையும் பெற்று மண்ணுலகிற்கு மீண்டான். அவை திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஏழு தலங்களிலும் எழுந்தருளின.

பெயர் ஒன்று; ஒருவன் மீளவில்லை, ஒருவன் மீண்டான். இவ்விரண்டு கதைகளையும் ஒருங்கே வைத்து, பத்து வயதுப் பிள்ளையிடம் “இவருள் எவன் இளைப்பு நீங்கியவன்?” என்று வினவிவிட்டு, ஆசிரியர் சிறிது பொழுது பேசாதிருப்பாராக. விடை கரும்பலகையில் எழுதுதற்கு முன்னரே மணி அடித்துவிடினும் குற்றமில்லை.